இமைக்க மறந்த கண்கள்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

போன இதழில் கம்ப்யூட்டர், மொபைல் திரையால் வரும் கண் தொல்லைகளைப் பற்றி எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களைப் படித்து முடிக்க நாலு ராத்திரி ஆனது. பாதிப் பேர் வேறு வேறு வார்த்தைகளில் கேட்டிருப்பது ஒரே கேள்விதான்: இந்த வெளிச்சம் என் கண்ணைக் கெடுத்துவிடுமா? அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

"ஐ.டி. கம்பெனியில் வேலை, வயது 29. சாயங்காலம் நாலு மணி ஆனால் போதும், கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது, எரிகிறது, தண்ணீராக வழிகிறது. மருந்துக் கடையில் 'கண் வறட்சி' என்றார்கள். இவ்வளவு தண்ணீர் வழியும் கண் எப்படி வறண்ட கண்ணாகும்? தினமும் பத்து மணி நேரம் திரை பார்ப்பதால் பார்வை போய்விடுமா?" (வாசகி, சோழிங்கநல்லூர்)

பார்வை போகாது. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். மானிட்டர் வெளிச்சத்தால் விழித்திரை கெட்டுப்போகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. பட்டப்பகலில் ஜன்னல் பக்கம் திரும்பினால் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தோடு ஒப்பிட்டால் திரையின் வெளிச்சம் ரொம்பக் கொஞ்சம். ஆனால் உங்கள் கண் எரிவது நிஜம், அதற்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

சும்மா பேசிக்கொண்டிருக்கும்போது நாம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 முதல் 20 தடவை இமைக்கிறோம். திரையில் ஒன்றைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தால் அது 5, 7 என்று இறங்கிவிடுகிறது. அந்தக் கொஞ்ச இமைப்பிலும் பல அரைகுறை, மேல் இமை கீழே வந்து தொடாமலே திரும்பிப் போய்விடும். தேவர்களுக்கு இமையவர் என்று தமிழில் ஒரு பெயர் உண்டு, இமைக்காதவர்கள் என்று பொருள். சுயம்வர மண்டபத்தில் நளனைப் போலவே உருவெடுத்து நின்ற தேவர்களுக்கு நடுவில் தமயந்தி உண்மையான நளனைக் கண்டுகொண்டதற்கு ஓர் அடையாளம், அவன் கண் இமைத்தது. மனுஷக் கண் இமைத்தே ஆகவேண்டிய கண். அதைப் பத்து மணி நேரம் இமைக்க விடாமல் வைத்திருக்கிறோம்.

இமைக்காவிட்டால் என்ன ஆகும்? கருவிழியின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய கண்ணீர்ப் படலம் இருக்கிறது. அது வெறும் தண்ணீர் இல்லை. அடியில் சளி போன்ற ஒரு பசை, நடுவில் நீர், மேலே எண்ணெய். அந்த எண்ணெய் இமை ஓரத்தில் வரிசையாக இருக்கும் சுரப்பிகளிலிருந்து வருகிறது, ஒவ்வொரு தடவை முழுசாக இமைக்கும்போதும் கொஞ்சம் பிதுங்கிப் படலத்தின் மேல் பரவுகிறது. எண்ணெய் பரவாவிட்டால் கீழே உள்ள நீர் சீக்கிரம் ஆவியாகி, படலம் அங்கங்கே உடைந்து, கருவிழி காற்றில் படுகிறது. கருவிழியில் நரம்பு முனைகள் ரொம்ப நெருக்கமாக இருப்பதால் உடனே எரியும். அப்போது கண் பதறிப்போய், வெங்காயம் நறுக்கும்போது வருமே, அதே மாதிரித் தண்ணீரைக் கொட்டுகிறது. அந்தத் தண்ணீரில் எண்ணெய் போதாது, கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிந்துவிடுகிறது. அதனால்தான் தண்ணீர் கொட்டும் கண்ணே வறண்ட கண்ணாகவும் இருக்கிறது. மருந்துக் கடைக்காரர் சொன்னது உங்கள் விஷயத்தில் சரியாக இருக்கலாம், ஆனாலும் ஒரு தடவை கண் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

இப்போது என்ன செய்வது என்று பார்ப்போம். மானிட்டரை இறக்குங்கள். அதன் மேல் விளிம்பு உங்கள் கண் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும், அப்போதுதான் பார்வை கொஞ்சம் தாழ்ந்து, இமை கண்ணைப் பாதி மூடிக்கொண்டிருக்கும். நிமிர்ந்து பார்க்கும்போது கண் அகலத் திறந்து சீக்கிரம் காய்ந்துபோகும். ஏ.சி. காற்று நேராக முகத்தில் அடிக்கிறதா என்று பாருங்கள். அடித்தால் நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள், அல்லது அலுவலகத்தில் இடம் மாற்றிக் கேளுங்கள். தயங்க வேண்டாம், இது உங்கள் உடம்பு. என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு மாதக்கணக்காக மருந்து போட்டும் குறையாத எரிச்சல், தலைக்கு மேல் இருந்த ஏ.சி. வாயிலை விட்டு இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்ததும் பாதியாகக் குறைந்தது.

20-20-20 என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை, 20 விநாடி பார்ப்பது. 1990களில் ஜெஃப் ஆன்ஷெல் என்ற அமெரிக்கக் கண் பரிசோதகர் மனதில் நிற்கட்டும் என்று இப்படிச் சொல்லிவைத்தார். எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை, 25 நிமிடம் ஆகிவிட்டால் குடி முழுகிவிடாது. 20 அடி தள்ளிப் பார்க்கும்போது கிட்டப் பார்ப்பதற்காக உள்ளே இறுகிப்போயிருந்த தசை தளர்கிறது. அந்த 20 விநாடியில் நாலைந்து தடவை மெதுவாக, இரண்டு இமையும் ஒட்டுகிற மாதிரி, முழுசாக இமையுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் அதில் முக்கியமான பாதி, பலரும் விட்டுவிடுகிற பாதியும் இதுதான். அந்த இடைவேளையில் மொபைலை எடுத்துப் பார்த்தால் அது இடைவேளை இல்லை.

ராத்திரி படுக்கும் முன் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை, மூடிய இமை மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். ஆறிப்போகும் முன் மறுபடி நனைத்துக்கொள்ள வேண்டும். சுரப்பியில் கட்டியாகி நிற்கும் எண்ணெய் இளகி வெளியே வரும். ஒரு நாளில் பலன் தெரியாது, இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்யுங்கள். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு போடலாம், ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் பதப்படுத்தும் ரசாயனம் சேர்க்காத வகையைக் கேட்டு வாங்குங்கள், அந்த ரசாயனமே கண்ணை உறுத்தும்.

"கண்ணாடி மாற்றப் போனேன். ப்ளூ லைட்டைத் தடுக்கும் லென்ஸ் போடாவிட்டால் கண் கெட்டுவிடும் என்று கடையில் சொன்னதால் கூடுதலாக 1,500 ரூபாய் கொடுத்தேன். கண் வலி அப்படியேதான் இருக்கிறது. ஏன்?" (கல்லூரி மாணவர், ஈரோடு)

அந்த லென்ஸ் கண் வலிக்கு மருந்து இல்லை என்பதால். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் என்ற அமைப்பு, 17 பரிசோதனைகளைச் சேர்த்து அலசிய ஆய்வு ஒன்றை 2023-ல் வெளியிட்டது. திரை பார்ப்பதால் வரும் கண் சோர்வைச் சாதாரண லென்ஸைவிட ப்ளூ லைட் லென்ஸ் அதிகமாகக் குறைப்பதாக அதில் தெரியவில்லை. அமெரிக்கக் கண் மருத்துவர்களின் அமைப்பும் இந்த லென்ஸை யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. போட்டதால் கெடுதல் எதுவும் இல்லை, அதனால் அந்தக் கண்ணாடியைக் கழற்றி எறிய வேண்டாம். அடுத்த தடவை அந்தப் பணத்தை நல்ல பரிசோதனைக்குக் கொடுங்கள். அரை (0.5) சிலிண்டர் பவரை, அதாவது கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வரும் பவரை, கவனிக்காமல் விட்டால்கூட நாள் பூரா திரை பார்ப்பவருக்குத் தலை வலிக்கும். பவர் சரியாக இருக்கிறதா என்பதுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அதைக் கடையில் யாரும் எடுத்துச் சொல்லாதது எனக்கு வருத்தம்தான்.

"வயது 46, ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு வேலை. படிக்கக் கண்ணாடி போட்டு ஆறு மாதம் ஆகிறது. பேப்பர் நன்றாகத் தெரிகிறது, கம்ப்யூட்டர் மட்டும் மங்கல். முன்னால் குனிந்து குனிந்து கழுத்தும் முதுகும் போய்விட்டது. கண்ணாடி தப்பா?" (வாசகர், விருதுநகர்)

கண்ணாடி தப்பில்லை, தூரம் தப்பு. நாற்பதைத் தாண்டும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப்போய், கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க வளைந்து கொடுக்காது. நம் பாட்டிமார் இதை வெள்ளெழுத்து என்றார்கள், எழுத்து வெளுத்துத் தெரிவதால். சாளேஸ்வரம் என்றும் சொல்வதுண்டு, இந்தியில் நாற்பதுக்குச் சாலீஸ் என்று பெயர், அதிலிருந்து வந்த வார்த்தை. நாற்பதில் எல்லோருக்கும் வருவது, கம்ப்யூட்டர் கொண்டுவந்தது இல்லை.

படிக்கும் கண்ணாடியைப் பொதுவாக 40 சென்டிமீட்டர் தூரத்துக்குக் கணக்குப் போட்டுச் செய்கிறார்கள், பேப்பரைக் கையில் பிடிக்கிற தூரம் அது. உங்கள் மானிட்டர் 60, 65 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். 40-க்கு 2.5 பவர் வேலை செய்ய வேண்டும் என்றால் 65-க்கு ஏறக்குறைய 1.5 போதும். அதிகப் பவரைப் போட்டுக்கொண்டு பார்ப்பதால் மானிட்டர் மங்கலாகிறது, நீங்கள் அறியாமலே குனிந்து அந்த 40 சென்டிமீட்டரைத் தேடிப் போகிறீர்கள். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடியில் பவர் படிப்படியாக மாறும் ப்ரோக்ரஸிவ் லென்ஸ் போட்டவர்களுக்கு இதற்கு நேர் எதிர்த் தொல்லை: கிட்டப் பார்க்கும் பவர் லென்ஸின் அடியில் இருப்பதால் மோவாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்துப் பின்கழுத்து பிடித்துக்கொள்ளும்.

ஒரு வேலை செய்யுங்கள். நாளை அலுவலகத்தில் வழக்கமாக உட்காருகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, உங்கள் கண்ணுக்கும் மானிட்டருக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பக்கத்தில் இருப்பவரை டேப்பால் அளக்கச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். பரிசோதனைக்குப் போகும்போது அந்த எண்ணைச் சொல்லி, இந்தத் தூரத்துக்குத் தனியாக ஒரு கண்ணாடி வேண்டும் என்று கேளுங்கள். மேஜையிலேயே கிடக்கட்டும், விலை அதிகமில்லாத சாதாரண ஒற்றைப் பவர் கண்ணாடி போதும். அப்படியே கண் அழுத்தத்தையும் பார்த்துவிடச் சொல்லுங்கள், நாற்பதுக்கு மேல் அது அவசியம்.

"மகனுக்கு எட்டு வயது. போன வருஷம் மைனஸ் 1, இந்த வருஷம் மைனஸ் 2.25. பள்ளி விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் மொபைல். கண்ணாடி போட்டதால்தான் பவர் ஏறுகிறது, கழற்றி வை என்று மாமியார் சொல்கிறார். என்ன செய்வது என்றே தெரியவில்லை." (ஒரு தாய், நாமக்கல்)

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பெரியவர்களுக்கு வரும் எரிச்சலும் வறட்சியும் தொல்லைதான், ஆனால் சரியாகிவிடும். குழந்தையின் கிட்டப்பார்வை, அதாவது தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது, அப்படி இல்லை. விழி முன்னும் பின்னுமாக நீண்டுபோவதால் அது வருகிறது, ஒரு மில்லிமீட்டர் நீண்டால் சுமார் இரண்டரை, மூன்று பவர் ஏறும், நீண்ட விழி திரும்பக் குறுகாது. பவர் மைனஸ் 6-ஐத் தாண்டினால் பிற்காலத்தில் விழித்திரை விலகுவது போன்ற ஆபத்துகள் கூடும். அதனால் இந்த வயதில் காட்டுகிற அக்கறைக்கு முப்பது வருஷம் கழித்தும் பலன் உண்டு.

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், கண்ணாடியால் பவர் ஏறாது. வளர்கிற பையனுக்குச் சட்டை சின்னதாகிப் போவது மாதிரி, விழி வளர்கிறது, அதற்கு ஏற்றபடி கண்ணாடியை மாற்றுகிறோம். கழற்றி வைத்தால் பையன் கரும்பலகை தெரியாமல் தவிப்பான், அவ்வளவுதான் நடக்கும்.

விழி நீள்வதைத் தடுக்க நம் கையில் இருப்பதிலேயே மலிவானது வெளி வெளிச்சம். சீனாவின் குவாங்சௌ நகரில் 12 பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், முடிவு 2015-ல் வெளியானது. பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள், மற்றப் பள்ளிகளில் வழக்கம்போல. மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், வழக்கம்போல இருந்த பிள்ளைகளில் 39.5 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது, வெளியே போன பிள்ளைகளில் 30.4 சதவீதம். கூடுதல் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை, 40 நிமிடம்தான்! தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியே இருக்கச் செய்யும் திட்டத்தையே அரசு நடத்துகிறது, வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டிருந்த பார்வைக் குறைபாட்டின் விகிதம் அதற்குப் பிறகு இறங்க ஆரம்பித்தது. பகல் வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற ரசாயனம் சுரக்கிறது, அது விழி நீள்வதை மட்டுப்படுத்துகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

நம்மூர் வெயிலில் எப்படி இரண்டு மணி நேரம் என்று கேட்பீர்கள். உச்சி வெயிலில் நிற்கத் தேவையில்லை. காலை பள்ளிக்கு முன் அரை மணி, சாயங்காலம் நாலுக்கு மேல் ஒரு மணி, ஞாயிற்றுக்கிழமை இன்னும் கூடுதலாக. வேப்ப மர நிழலிலும்கூட வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சம் இருக்கிறது. என்ன விளையாடுகிறான் என்பதும் முக்கியமில்லை, சும்மா திண்ணையைத் தாண்டி வெளியே இருந்தாலே போதும். டியூஷன் நாலரைக்கு ஆரம்பித்தால் அதை ஆறரைக்குத் தள்ளிப் போட முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காது, எட்டு வயதுக்கு அந்த டியூஷன் தேவையா என்று யோசியுங்கள்.

மொபைலைப் பிள்ளைகள் 20 சென்டிமீட்டரில், மூக்குக்குப் பக்கத்தில் பிடிப்பார்கள். அந்தத் தூரத்தில் கண் 5 பவர் அளவுக்கு உழைக்க வேண்டும், 40 சென்டிமீட்டரில் அதில் பாதிதான். பார்த்தே ஆக வேண்டும் என்றால் டிவியில் போட்டு, தள்ளி உட்கார வைத்துக் காட்டுங்கள். அப்புறம் ஒன்று: வெளி வெளிச்சம் கிட்டப்பார்வை வராமல் தடுப்பதில்தான் அதிகம் கைகொடுக்கும், வந்துவிட்ட பவர் ஏறுவதை நிறுத்த அது மட்டும் போதாது. ஒரே வருஷத்தில் 1.25 ஏறியிருப்பது வேகமான ஏற்றம். குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து, பவர் ஏறுவதைக் குறைக்கும் தனி வகைக் கண்ணாடி என்று இப்போது வழிகள் இருக்கின்றன. குழந்தைகள் கண் மருத்துவரிடம் இந்த மாதமே காட்டுங்கள், நீங்களாக எதையும் வாங்கிப் போட வேண்டாம்.

"ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு ஒருக்களித்துப் படுத்து மொபைல் பார்த்தேன். எழுந்தபோது ஒரு கண் சுத்தமாகத் தெரியவில்லை, பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. மூன்று தடவை இப்படி ஆகிவிட்டது, பயமாக இருக்கிறது." (வாசகி, தஞ்சாவூர்)

லண்டனில் 22 வயது, 40 வயதுப் பெண்கள் இருவருக்கு இதே மாதிரி நடந்து, ஏகப்பட்ட பரிசோதனை செய்தும் எதுவும் அகப்படாமல், கடைசியில் காரணம் தெரிந்து மருத்துவர்கள் அதை 2016-ல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். ஒருக்களித்துப் படுக்கும்போது ஒரு கண் தலையணையில் மூடிக்கொள்கிறது, அது இருட்டுக்குப் பழகிவிடுகிறது. இன்னொரு கண் மொபைல் வெளிச்சத்துக்குப் பழகுகிறது. மொபைலை வைத்ததும், வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்கு இருட்டில் கொஞ்ச நேரம் எதுவும் தெரியாது, மற்றக் கண்ணுக்குத் தெரிவதால் இந்தக் கண் மட்டும் குருடானது போலத் தோன்றும். உங்களுக்கும் மொபைல் பார்த்த கண்ணில் மட்டும், இருட்டில் மட்டும் இப்படி ஆனதென்றால் இதுவாகவே இருக்கலாம். எதற்கும் ஒரு தடவை கண்ணைக் காட்டிவிடுங்கள்.

ஆனால் பகலிலோ, மொபைல் பார்க்காதபோதோ, திரைச்சீலை இறங்குவது போல ஒரு கண் மறைந்தால், அல்லது கூடவே கை மரத்துப் பேச்சுக் குழறினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"போட்டித் தேர்வுக்கு மொபைலில்தான் படிக்கிறேன். கண் எப்போதும் சிவப்பு. மெட்ராஸ் ஐ என்று நினைத்து மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து வாங்கினேன், போட்டதும் வெளுத்துவிடுகிறது. எட்டு மாதமாகப் போடுகிறேன். பாட்டி விளக்கெண்ணெயும் விடச் சொல்கிறார்." (வாசகர், தென்காசி)

தம்பி, இதைப் படித்ததும் அந்த மருந்து பாட்டிலை எடுத்துப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன் என்று எதாவது எழுதியிருக்கிறதா? அவை ஸ்டீராய்டு. சிவப்பை உடனே அடக்கும், அதனால்தான் நல்ல மருந்து என்று நம்புகிறோம். மாதக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண்ணின் உள் அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். போன நரம்பு திரும்பாது. இளம் வயதிலேயே கண்புரையும் வரலாம். நான் பார்த்தவர்களில் பக்கப் பார்வை பெருமளவு போன பிறகுதான் வந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் செய்ய முடிந்தது ரொம்பக் கொஞ்சம். அதனால்தான் கெஞ்சுகிறேன்: பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு இந்த வாரமே கண் அழுத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பணம் தடையாக இருந்தால் அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போங்கள்.

ஸ்டீராய்டு இல்லை, வெறும் சிவப்பு நீக்கும் மருந்துதான் என்றாலும் அதுவும் நல்லதில்லை, நிறுத்தியதும் முன்பைவிட அதிகமாகச் சிவக்கும். மெட்ராஸ் ஐ என்றால் பீளை தள்ளும், வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்கு ஒட்டும், இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும். எட்டு மாதம் இருக்கும் சிவப்பு அது இல்லை. விளக்கெண்ணெயைக் கண்ணுக்குள் விட வேண்டாம். கடையில் வாங்கும் எண்ணெய் கிருமி நீக்கியது இல்லை. பாட்டி மனம் நோகாமல் உள்ளங்காலில் தடவிக்கொள்ளுங்கள், கண்ணுக்குள் மட்டும் வேண்டாம்.

"டார்க் மோடில் வைத்தால் கண்ணுக்கு நல்லதா?" (வாசகர், கோவை)

இருட்டு அறையில் கூசாமல் இருக்கும். நீண்ட நேரம் படிக்க வெள்ளையில் கறுப்பு எழுத்துதான் பெரும்பாலானவர்களுக்குத் தெளிவு. சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து கசிந்த மாதிரித் தெரியும். எதில் வசதியோ அதை வைத்துக்கொள்ளுங்கள், திரை வெளிச்சத்தை மட்டும் அறை வெளிச்சத்துக்குச் சமமாகக் குறைத்துவிடுங்கள்.

"வயது 67. போன மாதம் கண்புரை ஆபரேஷன் ஆனது. பேத்தி துபாயில் இருக்கிறாள், வீடியோ காலில் பேசினால் வைத்த லென்ஸ் கெட்டுவிடும் என்று மகன் மொபைலைக் கொடுக்கமாட்டேன் என்கிறான்." (வாசகி, மன்னார்குடி)

கெடாதும்மா. மொபைல் வெளிச்சம் அந்த லென்ஸை ஒன்றும் செய்யாது. ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதம் கண் கொஞ்சம் வறண்டு உறுத்தும், அதனால் ஒரேயடியாக ஒரு மணி நேரம் பார்க்காமல் நடுநடுவே கண்ணை மூடித் திறந்துகொள்ளுங்கள், டாக்டர் எழுதிக்கொடுத்த சொட்டை வேளை தவறாமல் போடுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள். இந்தப் பக்கத்தை மகனிடம் காட்டிவிட்டு இன்றைக்கே பேத்தியைக் கூப்பிடுங்கள்.